மூன்று சுழி பாஸ்தா

தம்பி, கோபித்துக்கொள்ளாதீர்கள். நான் எட்டிப் பார்க்கவில்லை. பக்கத்தில் எழுத்து என்று ஒன்று இருந்தால் என் கண் தானாக அங்கே போய்விடுகிறது. இருபத்தொன்பது வருஷப் பழக்கம். நீங்கள் வீட்டுக்கு ஏதோ செய்தி அடித்துக்கொண்டிருக்கிறீர்கள். தமிழைத்தான் அடிக்கிறீர்கள், ஆனால் ஆங்கில எழுத்தில். அதை அனுப்புவதற்கு முன்னால் நான் ஒன்று சொல்லிவிடுகிறேன். கேட்டுவிட்டு அனுப்புங்கள், அல்லது அனுப்பாமல் இருங்கள். உங்கள் இஷ்டம்.

எங்கே இறங்குகிறீர்கள்? திருமங்கலமா? நல்லது. நான் இதே பஸ்ஸில் சிவகாசி வரைக்கும் போகிறேன். திருமங்கலத்துக்கு இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கிறது. அதற்குள் சொல்லி முடித்துவிடலாம். இறங்கிப் போகிறவரிடம் சொல்வதில் ஒரு வசதி உண்டு. சொந்தக்காரர்களிடம் சொன்னால் அடுத்த கல்யாணத்தில் பந்தியில் வைத்து நமக்கே திருப்பிச் சொல்வார்கள்.

என் பெயர் அம்பலவாணன். எழுதிப் பார்த்தால்தான் அதன் அழகு தெரியும். ‘வா’வுக்கு அடுத்தது மூன்று சுழி ‘ண’. கடைசியில் இரண்டு சுழி ‘ன்’. இரண்டும் ஒரே பெயரில். இதைச் சரியாக எழுதியவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். நான் புரூஃப் ரீடர். அச்சுக்குப் போவதற்கு முன்னால் பிழை திருத்துகிற வேலை. பள்ளிக்கூட வழிகாட்டிப் புத்தகம், காலண்டர், கல்யாணப் பத்திரிகை எல்லாம் என் கண்ணைத் தாண்டித்தான் போகும். ஒரு வருஷம் ஒரு காலண்டரில் ஆனி மாதத்தை ‘ஆணி மாதம்’ என்று போட்டுவிட்டார்கள். நான் பார்த்திராவிட்டால் ஊர் முழுக்கச் சுவரில் ஆணி அடித்து ஆணி மாதத்தை மாட்டியிருப்பார்கள்.

இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், அப்படிப்பட்ட என்னை என் மனைவி ‘பெண்ணே’ என்று கூப்பிட்டாள். ஒரு தடவை இல்லை, ஐந்து தடவை. அதுவும் எழுத்தில்.

சிரிக்காதீர்கள். சிரிக்கிற இடம் இன்னும் வரவில்லை.

முதலில் வீட்டு நிலவரத்தைச் சொல்கிறேன், அப்போதுதான் புரியும். வீட்டில் மூன்று பேர். நான், என் மனைவி தமயந்தி, மகள் நறுமுகை. மகளை முகி என்று கூப்பிடுவோம். பத்தாம் வகுப்பு. தமயந்தி பால் நிலையத்தில் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். ஊர் ஊராக வருகிற பாலில் தண்ணீர் கலந்திருக்கிறதா, கொழுப்பு எவ்வளவு, புளித்துவிட்டதா என்று பார்த்துச் சொல்லுகிற வேலை. கெட்டிக்காரி. நாக்கில் ஒரு சொட்டு விட்டாலே சொல்லிவிடுவாள். பதினாறு வருஷமாகச் செய்கிறாள்.

போன மாதம் அவளுக்கு ஒரு வாய்ப்பு வந்தது. பெங்களூரில் பன்னிரண்டு நாள் பயிற்சி. போய்விட்டு வந்தால் கூடத்துக்கே அவள்தான் பொறுப்பாளர். போகாவிட்டால் அவளுக்குப் பின்னால் வேலைக்குச் சேர்ந்த ஒரு பெண் போவாள், அப்புறம் தமயந்தி அந்தப் பெண்ணுக்குக் கீழே வேலை பார்க்க வேண்டும். விஷயம் அவ்வளவுதான். வியாழக்கிழமை காலை பத்து மணிக்குள் போகிறாளா இல்லையா என்று மேனேஜரிடம் சொல்ல வேண்டும்.

நான் தடை சொல்லவே இல்லை, தம்பி. அதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். நான் அந்த மாதிரி ஆள் கிடையாது. பெண்கள் முன்னேற வேண்டும் என்று எத்தனை கட்டுரைக்குப் பிழை திருத்தியிருக்கிறேன். ஒரு தடவைகூடப் போகாதே என்று சொல்லவில்லை. “பன்னிரண்டு நாளா?” என்று கேட்டேன். அவ்வளவுதான். ஒரு நாளைக்கு மூன்று நான்கு தடவை கேட்டிருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை துணி மடித்துக்கொண்டிருந்தபோது அவளே பேச்சை எடுத்தாள்.

“என்னங்க, பட்டுனு ஒண்ணு கேக்கறேன். நான் இல்லாத பன்னெண்டு நாளும் நீங்களும் முகியும் என்ன சாப்பிடுவீங்க?”

“நான் பார்த்துக்கொள்கிறேன்.”

“எதைப் பாத்துக்குவீங்க? அடுப்பையா?”

“ஏன், எனக்குச் சமைக்கத் தெரியாதா?”

அவள் கையில் இருந்த என் சட்டையை மடித்து வைத்தாள். அப்புறம் சொன்னாள்.

“சரி. புதன்கிழமை ராத்திரி சாப்பாடு உங்க பொறுப்பு. நான் கை வைக்க மாட்டேன். அது நல்லபடியா நடந்துச்சுன்னா நிம்மதியாப் போவேன். இல்லேன்னா வியாழக்கிழமை காலைல வேணாம்னு சொல்லிட்டு வந்துடறேன். பத்தாங்கிளாஸ் புள்ளையப் பட்டினி போட்டுட்டு எனக்கு என்ன பயிற்சி?”

புதன்கிழமை எங்கள் வீட்டில் பாஸ்தா. அது முகி வைத்த சட்டம். வாரத்தின் நடுநாள், மூன்று பேருக்கும் அலுப்பு. தமயந்திக்குச் சாயங்காலப் பால், எனக்கு அச்சகத்தில் அவசர வேலை, முகிக்கு டியூஷன். அன்றைக்கு யாரும் குழம்பு, ரசம் என்று நிற்க முடியாது. பாஸ்தாவை வேகவைத்து, காய்கறி போட்டு, பாலும் சீஸும் சேர்த்து வெள்ளையாக, கெட்டியாக, மிளகு வாசனையோடு ஒரு பெரிய கிண்ணம் நிறையத் தருவாள் தமயந்தி. ஒரு கிண்ணம் சாப்பிட்டால் வயிறு நிறைந்துவிடும். மனதும் கொஞ்சம் சமாதானமாகிவிடும். எனக்கும் பிடிக்கும். வெளியே சொல்வதில்லை.

“தண்ணி கொதிக்க வைக்கத் தெரியுமில்ல? அது போதும்,” என்றாள் தமயந்தி. “காயெல்லாம் காலைலயே வெட்டி வெச்சிட்டுப் போறேன். ஒவ்வொண்ணா நான் மெசேஜ்ல சொல்றேன். டெஸ்ட் ரூம்ல மெஷின் சத்தம், போன் பேச முடியாது.”

இங்கேதான் வந்து சேர்கிறோம். அவள் அனுப்புகிற செய்தி எல்லாமே நீங்கள் அடிக்கிற மாதிரிதான், ஆங்கில எழுத்தில் தமிழ். பதினொரு வருஷமாகச் சொல்லிப் பார்த்துவிட்டேன். தமிழில் எழுது, போனிலேயே வசதி இருக்கிறது என்று. “கையுறைய மாட்டிக்கிட்டு ஒத்த விரல்ல அடிக்கறேன், இதுல ழகரம் ளகரம்னு தேட முடியுமா?” என்பாள். சரி என்று விட்டுவிட்டேன். இன்னொன்று, அவள் காற்புள்ளி, முற்றுப்புள்ளி எதுவும் போட மாட்டாள். படிக்கிற நான்தான் போட்டுக்கொள்ள வேண்டும்.

புதன்கிழமை சீக்கிரமே வீட்டுக்கு வந்துவிட்டேன். சட்டையைக் கழற்றி, துண்டைத் தோளில் போட்டு, சமையலறைக்குள் போனேன். மேடையைத் துடைத்தேன். காய்கறி டப்பாவைத் திறந்து பார்த்தேன். காரட், பீன்ஸ், பட்டாணி எல்லாம் ஒரே அளவு. போனை உப்பு ஜாடி மேல் சாய்த்து வைத்தேன். ஆறே கால் இருக்கும், முதல் செய்தி வந்தது.

முதல் வார்த்தை: பி, இ, என், என், இ. ஐந்து எழுத்து. நீங்களே கூட்டிப் பாருங்கள். பெண்ணே.

‘பெண்ணே நீல மூடி டப்பால இருக்கு.’

பெண்ணே என்பதற்குப் பிறகு ஒரு காற்புள்ளியை மனதுக்குள் போட்டேன். யாரையாவது விளித்தால் காற்புள்ளி போட வேண்டும், அது விதி. பெண்ணே, நீல மூடி டப்பால இருக்கு. எது இருக்கு என்று எழுதவில்லை. எழுவாய் இல்லாத வாக்கியம். அவசரத்தில் விட்டுவிட்டாள், பாஸ்தாவைத்தான் சொல்கிறாள் என்று நானாகப் புரிந்துகொண்டேன். அலமாரியில் இரண்டு டப்பா இருந்தது. சிவப்பு மூடியில் சிப்பி மாதிரி பாஸ்தா. நீல மூடியில் சின்னச் சின்னக் குழாய், இரண்டு முனையும் பேனா நிப்பு மாதிரி சாய்வாக வெட்டியது. நீலத்தை எடுத்தேன்.

எடுத்தேனே தவிர, அந்த முதல் வார்த்தை மனதை விட்டுப் போகவில்லை. இருபத்தோரு வருஷத்தில் அவள் என்னை ‘என்னங்க’ என்பாள். கோபம் வந்தால் ‘இங்க பாருங்க’ என்பாள். அவள் அம்மாவிடம் பேசும்போது ‘இவரு’ என்பாள். பெண்ணே என்று ஒரு நாளும் சொன்னதில்லை. சரி, ஏதோ விளையாட்டு. போகட்டும் என்று விட்டேன்.

இரண்டாவது செய்தி. ‘பெண்ணே ரெண்டு கப் அளந்து எடுங்க.’

பார்த்தீர்களா? பெண்ணே என்று கூப்பிட்டுவிட்டு, ‘எடுங்க’ என்று மரியாதை வேறு. அந்த மரியாதைதான் எனக்குச் சுருக்கென்று தைத்தது. வெறும் ‘எடு’ என்றிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன்.

மூன்றாவது. ‘தண்ணி நல்லா கொதிக்கணும் உப்பு போடுங்க அப்புறம் பெண்ணே போடுங்க.’ அப்புறம், பெண்ணே, போடுங்க. வாக்கியத்தின் நடுவில்கூட விடவில்லை.

நான் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பெண் என்பது ஒன்றும் தாழ்வான வார்த்தை கிடையாது. அப்படி நினைக்கிறவன் இல்லை நான். மிக உயர்வான வார்த்தை. ஆனால் என்னைச் சொல்லக்கூடாது. ஒரு நாள் அடுப்படியில் நின்றதற்கே பெயர் மாறிவிடுமா? அவள் பதினாறு வருஷமாக வேலைக்குப் போகிறாளே, நான் என்றைக்காவது அவளை ‘ஆணே’ என்று கூப்பிட்டிருக்கிறேனா?

அந்த யோசனை அப்போதுதான் வந்தது. ஆனால் உடனே செய்யவில்லை. நான் பொறுமைசாலி. தண்ணீர் கொதித்தது, உப்புப் போட்டேன், பாஸ்தாவைப் போட்டேன், கிளறினேன். அப்போது நான்காவது செய்தி வந்தது.

‘பெண்ணே ரொம்பக் குழையக் கூடாது.’

நீங்களே சொல்லுங்கள், தம்பி. கட்டின புருஷனிடம் சொல்கிற வார்த்தையா இது? நான் யாரிடம் குழைந்தேன்? தனியாக, தோளில் துண்டோடு, ஆவியில் நின்றுகொண்டிருக்கிறேன்.

ஐந்தாவது உடனே வந்தது. ‘பெண்ணே வடிச்சு வெச்சிட்டுச் சொல்லுங்க சாஸ் சொல்றேன்.’

வடித்தேன். சோறு வடிப்பதை நான் பார்த்திருக்கிறேன். குண்டான் மேல் வடிதட்டைப் போட்டு, துணியால் பிடித்து, தொட்டி விளிம்பில் அப்படியே கவிழ்த்துச் சாய்த்து வைக்க வேண்டும். கஞ்சி தானாக இறங்கும். அதே மாதிரி செய்தேன். கையில் ஆவி அடித்தது. ஊதிக்கொண்டே போனை எடுத்தேன்.

என் வாழ்நாளில் முதல்முறையாக ஆங்கில எழுத்தில் தமிழ் அடித்தேன். அவள் வழியிலேயே அவளுக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று ஒரு வேகம். ‘வடித்தாச்சு ஆணே’ என்று அடித்தேன். ஏ, ஏ, என், இ. ஆணே.

ஒரு கேள்விக்குறி மட்டும் வந்தது. பதினொரு வருஷத்தில் அவள் போட்ட முதல் நிறுத்தற்குறி அதுதான்.

‘அடுத்து என்ன ஆணே’ என்று கேட்டேன்.

‘யாரு’ என்று வந்தது.

‘நீதான்’ என்று அனுப்பினேன்.

அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. இரண்டு நீலக் கோடு விழுந்தது. படித்துவிட்டாள். ஐந்து நிமிஷம் ஆனது, பத்து நிமிஷம் ஆனது. உறைத்துவிட்டது என்று எனக்குத் திருப்தி. கொஞ்ச நேரம்தான். அப்புறம்தான் சாஸ் எப்படிச் செய்வது என்று அவள் சொல்லவே இல்லை என்பது ஞாபகம் வந்தது.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. நீங்கள் திருமங்கலத்தில் இறங்கிவிடுவீர்கள், அதனால் சொல்கிறேன். அந்தச் சமையலறையில், போன் பேசாமல் கிடந்த அந்த நேரத்தில், எனக்குள் ஒரு சின்னச் சந்தோஷம் எட்டிப் பார்த்தது. இது கெட்டுப்போகட்டும். கெட்டுப்போனால் அவள் போக மாட்டாள். பன்னிரண்டு நாளும் ராத்திரி எட்டேகாலுக்கு அவள் வர, அந்தக் கதவு திறக்கும். இப்படித் தோன்றியது, தம்பி. ஒரு நொடிதான். உடனே அதை அடித்துத் திருத்திவிட்டேன். நான் அந்த மாதிரி ஆள் கிடையாது என்று சொன்னேன் அல்லவா.

அதனால் சாஸை நானே செய்துவிடுவது என்று முடிவு செய்தேன். அது வெள்ளையாக இருக்கும், கெட்டியாக இருக்கும் என்று தெரியும். பால் வெள்ளை. ஆனால் கெட்டி இல்லை. பாலைக் காய்ச்சிக்கொண்டே வெள்ளையாகவும் கெட்டியாகவும் வீட்டில் என்ன இருக்கிறது என்று யோசித்தேன். குளிர்சாதனப் பெட்டியைத் திறந்தால் எதிரிலேயே இட்லி மாவு. இரண்டு கரண்டி ஊற்றிக் கிளறினேன். கெட்டிப்பட்டது. இன்னும் இரண்டு கரண்டி ஊற்றினேன். அப்போது ஒரு அதிசயம் நடந்தது. பாலிலிருந்து சின்னச் சின்ன வெள்ளைக் கட்டி பிரிந்து மேலே வந்தது. சீஸ் போட வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன், அது தானாகவே உண்டாகிவிட்டது. காய்கறியைப் போட்டேன், உப்பு, மிளகுத்தூள் போட்டேன். வாசனை நன்றாகத்தான் இருந்தது. நான் பொய் சொல்லவில்லை.

ஏழரைக்கு முகி டியூஷன் முடிந்து வந்தாள். பையைப் போட்டுவிட்டு நேராகச் சமையலறைக்கு வந்தாள்.

“அப்பா, பாஸ்தா எங்க?”

“வடிந்துகொண்டிருக்கிறது.”

“எப்ப வடிச்சீங்க?”

“ஆறே முக்காலுக்கு.”

அவள் போய்க் குண்டானை நிமிர்த்தினாள். உள்ளே பார்த்தாள். தட்டில் கவிழ்த்தாள். ஒரே துண்டாக வந்து விழுந்தது. குண்டான் எப்படி இருக்குமோ அப்படியே. அடியில் இருந்த நெளிவுகூட அதில் பதிந்திருந்தது.

“என்னப்பா இது, கேக்கு மாதிரி நிக்குது? இதுக்குள்ள ஷெல்லா, பென்னேயா? எதைப் போட்டீங்க?”

“என்ன சொன்னாய்?”

“ஷெல்லா பென்னேயான்னு கேட்டேன்.”

“இன்னொரு தடவை சொல்.”

“பென்னேப்பா. நீல மூடில இருக்குமே குழா குழாயா, அதுக்குப் பேரு பென்னே. இத்தாலில பேனாவ அப்படித்தான் சொல்வாங்களாம். எங்க மிஸ் சொன்னாங்க.”

“எத்தனை சுழி?” என்று கேட்டேன்.

“எது?”

“நீ சொன்ன வார்த்தையில். எத்தனை சுழி?”

அவள் நாக்கை ஒரு தடவை மேலே தொட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னாள். “ரெண்டு சுழி.”

நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். எழுவாய் இல்லை என்றேனே, எழுவாய் அங்கேயே இருந்திருக்கிறது. முதல் வார்த்தையே எழுவாய். அதன் பக்கத்தில் ஒரு காற்புள்ளியைப் போட்டது நான். ரெண்டு கப் எதை எடுக்க வேண்டும், எதைப் போட வேண்டும், எது குழையக் கூடாது, எல்லாம் அதில் எழுதியிருந்தது. பிழை இல்லாத ஐந்து வாக்கியங்கள்.

முகி என் போனை எடுத்துப் படிக்க ஆரம்பித்தாள். படித்துக்கொண்டே வந்தவள் நிறுத்தினாள்.

“அப்பா, அம்மாவ எதுக்கு ஆனைன்னு சொன்னீங்க?”

“யார் சொன்னது? ஆணே என்றேன். ஆண், ஆணே. மூன்று சுழி.”

“இங்க சுழியெல்லாம் இல்லப்பா. ஏ, ஏ, என், இ. எப்படிப் படிச்சாலும் ஆனைதான் வருது. ‘வடித்தாச்சு ஆனை.’ ‘அடுத்து என்ன ஆனை.’ அம்மா யாருன்னு கேட்டிருக்காங்க. நீங்க ‘நீதான்’னு போட்டிருக்கீங்க.”

தமயந்தியைப் பற்றி ஒரு விஷயம் சொல்லவில்லை உங்களிடம். அவள் கொஞ்சம் பூசினாற்போல் இருப்பாள். இரண்டு மாதத்துக்கு முன்னால்தான் டாக்டர் எடையைக் குறைக்கச் சொன்னார். அதிலிருந்து எங்கள் வீட்டில் யாரும் எடை என்ற வார்த்தையையே உச்சரிப்பதில்லை. பழைய பேப்பர்க்காரர் தராசோடு வந்தால்கூட நான் வாசலுக்குப் போய்விடுவேன்.

“அழிச்சிரலாமாப்பா?” என்றாள் முகி.

“படித்துவிட்டாளே.”

“அப்ப நீங்க காலி.”

எட்டேகாலுக்குக் கதவு திறந்தது. தமயந்தி செருப்பைக் கழற்றினாள். பையை மாட்டினாள். கை கழுவினாள். ஒவ்வொன்றையும் மெதுவாகச் செய்தாள். முகம் எப்படி இருக்கிறது என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. மேடைக்கு வந்து தட்டில் நின்ற பாஸ்தாவைப் பார்த்தாள். சாஸைப் பார்த்தாள். அப்புறம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“ஆனைக்கு ஏதாச்சும் சாப்பாடு இருக்கா?”

நான் வாயைத் திறந்தேன். ஆனால் முகிதான் சொன்னாள். பென்னே, பெண்ணே, ஆணே, ஆனை என்று வரிசையாகச் சொன்னாள். ஐந்து செய்தியையும் நான் படித்த மாதிரியே, காற்புள்ளி விட்டுப் படித்துக் காட்டினாள். நான்காவதைப் படித்தபோது, “பெண்ணே, ரொம்பக் குழையக் கூடாது” என்று என் குரலிலேயே படித்தாள்.

தமயந்தி சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பு என்றால் சத்தமே வராத சிரிப்பு. மேசையைப் பிடித்துக்கொண்டாள். முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். நின்றுவிட்டது என்று நினைத்தால் என்னைப் பார்ப்பாள், மறுபடி தொடங்கும்.

“நான் அங்க என்ன பாடு பட்டேன் தெரியுமா?” என்றாள், மூச்சு வந்ததும். “உங்க மெசேஜப் பாத்துட்டு அரை மணி நேரம் ஒரு வேலை ஓடல. பாலை ஊத்தி வெச்சிட்டு நம்பர எழுத மறந்துட்டேன். மறுபடியும் மொதல்ல இருந்து செஞ்சேன். இந்த மனுஷன விட்டுட்டுப் போறதான்னு அழுகையா வந்துச்சு. பெறகு இந்த மனுஷன விட்டுட்டுத்தான் போவணும்னு ஆத்திரமா வந்துச்சு.”

“இப்போது?” என்று கேட்டேன்.

“இப்பப் பசிக்குது.”

பாஸ்தாவைக் கத்தியால்தான் வெட்டினோம். ஆளுக்கு ஒரு துண்டு. அதன் மேல் சாஸை ஊற்றினேன். தமயந்தி சாஸை மட்டும் நாக்கு நுனியில் வைத்துப் பார்த்தாள். அவள் வேலையே அது அல்லவா.

“பால் திரிஞ்சிருக்கு.”

“சீஸ்,” என்றேன்.

“இட்லி மாவு ஊத்தினீங்களா?”

எத்தனை கரண்டி என்பதையும் அவளே சொன்னாள். நான்கு. அப்படிப்பட்ட நாக்கு. ஆனால் தட்டைத் தள்ளி வைக்கவில்லை. சாப்பிட்டாள். முகியும் சாப்பிட்டாள். கொஞ்சம் மிளகாய்ப் பொடி கேட்டாள், எண்ணெய் ஊற்றிக் கொடுத்தேன், அதில் தொட்டுத் தொட்டுச் சாப்பிட்டாள். “பாஸ்தாவா நெனைக்காம சாப்பிட்டா நல்லாத்தான் இருக்கு” என்றாள். பத்தாம் வகுப்புப் பிள்ளை மனதாரச் சொன்ன பாராட்டு அது. கடைசியில் குண்டான் பாஸ்தாவில் பாதிக்கு மேல் போய்விட்டது. மூன்று பேரும் அவ்வளவு பசியில் இருந்திருக்கிறோம்.

நான் அப்போதுதான் ஒரு பெரிய துண்டை வாயில் வைத்தேன். தமயந்தி கரண்டியைக் கீழே வைத்தாள்.

“என்னங்க. நெஜத்தச் சொல்லுங்க. நான் போறதுல உங்களுக்கு முழு சம்மதமா?”

தம்பி, அதற்கு என்னிடம் பதில் தயாராக இருந்தது. ஞாயிற்றுக்கிழமையிலிருந்து மனதுக்குள் கோத்து, திருத்தி, சுத்தமாக வைத்திருந்தேன். ‘எனக்கு ஒன்றும் இல்லை, நீ தாராளமாகப் போகலாம், ஆனால்’ என்று தொடங்கும். அந்த ஆனாலுக்குப் பிறகு நான்கு காரணம். முகிக்கு இது பரீட்சை வருஷம். பெங்களூர்க் குளிர் உனக்கு ஒத்துக்கொள்ளாது. அடுத்த வருஷமும் பயிற்சி வராமலா போகும். இன்று சாப்பாடு எப்படி ஆனது என்று நீயே பார்த்தாய். நான்காவது காரணம் அன்றைக்குச் சாயங்காலம் கிடைத்தது. அதுதான் இருப்பதிலேயே பலமானது.

சொல்லலாம் என்றால் வாய் திறக்கவில்லை. நான் வடித்த பாஸ்தா. மேல் அண்ணத்துக்கும் நாக்குக்கும் நடுவில் பசை மாதிரி பிடித்துக்கொண்டது. மெல்ல முடியவில்லை, விழுங்க முடியவில்லை, துப்பவும் முடியாது, எதிரில் மனைவி கேள்வி கேட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறாள். கழுத்தை முன்னால் நீட்டி, தலையைக் கீழே இழுத்து, மேலே தூக்கி, மறுபடி கீழே இழுத்து, எப்படியாவது அதை உள்ளே தள்ளப் பார்த்தேன். மூன்று நான்கு தடவை செய்திருப்பேன். கண்ணில் தண்ணீர்கூட வந்துவிட்டது.

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இவ்வளவு சம்மதமா உங்களுக்கு?” என்றாள். “நீங்க பன்னெண்டு நாளா பன்னெண்டு நாளான்னு கேட்டப்ப, மனசுக்குள்ள வேணாங்கறீங்கன்னுதான் நெனச்சேன்.”

போனை எடுத்தாள். மேனேஜருக்கு அடிக்க ஆரம்பித்தாள். இடது கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே வலது கையால் அடித்தாள். எனக்கு அப்போதுதான் பாஸ்தா உள்ளே இறங்கியது. வாய் காலி. நாக்கு விடுதலை. ‘ஆனால்’ நாக்கு நுனியில் நிற்கிறது. அவள் இன்னும் அனுப்பவில்லை, ஒத்தை விரலில் தேடித் தேடித்தான் அடித்துக்கொண்டிருந்தாள். திருத்துவதற்கு நேரம் இருந்தது, தம்பி. இருபத்தொன்பது வருஷமாக இதைத்தானே செய்கிறேன். அடுத்தவர் தப்பாகப் படித்துவிடக்கூடாது என்பதற்குத்தானே எனக்குச் சம்பளம்.

முகி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தெரியும். நான் விழுங்கத்தான் பாடுபட்டேன் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். தண்ணீர் டம்ளரை என் பக்கம் நகர்த்தினாள்.

எடுத்துக் குடித்தேன். ஒன்றும் சொல்லவில்லை.

தமயந்தி அனுப்பிவிட்டு நிமிர்ந்தாள். “போறேன்னு போட்டுட்டேன்” என்றாள். நான் எழுந்து குண்டானைத் தொட்டியில் வைத்துத் தண்ணீரைத் திறந்துவிட்டேன். அடி முழுக்க ஒட்டியிருந்தது. பாஸ்தா ஒட்டினால், தம்பி, ராத்திரி முழுக்க ஊறினால்தான் விடும்.